எதிராசரின் வடதிசைப் பயணம்

நுழையும்முன்

ஒரு நூலைப் படிக்க விரும்பினால் இன்று நூலகத்திற்குச் செல்கிறோம், இணையத்தில் தேடுகிறோம். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னர், ஒரே ஒரு நூலைப் படிப்பதற்காகத் திருவரங்கத்திலிருந்து காஷ்மீரம் வரை கால்நடையாகச் சென்று திரும்பினார் ஒருவர். அவர்தம் வாழ்க்கையைக் கூறுகிறது இப்பாடம். வைணவ குருபரம்பரை நூல்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்திகளும், அக்காலக் காஷ்மீரம் குறித்துப் பிற சான்றுகள் தரும் செய்திகளும் இதில் இணைந்துள்ளன.

காவிரிக்கரையில்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் உள்ள ஊர் ஜீயபுரம். ஆண்டுதோறும் பங்குனித் திருவிழாவின் தொடக்க நாள்களில் திருவரங்கத்து நம்பெருமாள் தம் கோயிலை விட்டு, ஆற்றைக் கடந்து இவ்வூர் மண்டபத்திற்கு எழுந்தருள்வார். இவ்வூரில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் பேரன் அரங்கன் என்பவன் காவிரி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுத் திருவரங்கத்தில் கரையேறினான். அவன் வரும்வரை பாட்டி தவிக்கக் கூடாதென்று பெருமாளே பேரன் வடிவில் வந்து, அவள் இட்ட பழைய சோற்றையும் மாவடுவையும் உண்டார் என்பது ஊர்க்கதை. அதன் நினைவாக இன்றும் இங்கு மாவடு படைக்கப்படுகிறது. பங்குனி வெயிலில் ஆற்றுமணலில் நடந்துவந்த எவருக்கும் அந்த உணவின் அருமை விளங்கும்.

இதே திருவிழாவின் நிறைவில், பங்குனி உத்திரத்தன்று, தாயாரும் பெருமாளும் சேர்ந்து காட்சி தரும் சேர்த்தியில் கத்யத்திரயம் என்னும் வடமொழி உரைநடை நூல் ஓதப்படும். அதனை இயற்றியவர் இராமாநுசர். திருவரங்கக் கோயிலின் அன்றாட நடைமுறைகளை ஒழுங்கு செய்தவரும் அவரே. துறவிகளின் அரசர் என்னும் பொருளில் எதிராசர் என்றும், கோயில் நிருவாகத்தை ஏற்றதனால் உடையவர் என்றும் அவரை அழைப்பர். தத்துவ ஆசிரியராகவும் சமுதாயச் சீர்திருத்தச் செம்மலாகவும் அவரை நாம் அறிவோம். அவர் வாழ்நாளின் பெரும்பகுதி நடையிலேயே கழிந்தது என்பதை அத்துணை நினைப்பதில்லை.

தடைப்பட்ட முதற்பயணம்

இராமாநுசர் திருப்பெரும்புதூரில் ஆசூரி கேசவ சோமயாசியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். கி.பி. 1017 முதல் 1137 வரை 120 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. ஆய்வாளர் சிலர் இக்கால எல்லையைச் சற்றுக் குறைப்பர். இளமையில் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியர் கூறிய விளக்கங்கள் சிலவற்றை மாணவரால் ஏற்க இயலவில்லை. மாறுபாடு பகையாக முற்றியது.

மாணவர்களை அழைத்துக்கொண்டு யாதவப்பிரகாசர் காசிக்குப் புறப்பட்டார். கங்கையில் இராமாநுசரை மூழ்கடித்துவிடுவது என்பது உள்நோக்கம். உடன்வந்த தம்பி முறையினரான கோவிந்தர் இதனை அறிந்து, விந்தியமலைக் காட்டில் இராமாநுசரைத் தனியே எச்சரித்துத் தப்பிக்கச் செய்தார். வழியறியாத காட்டில் திகைத்து நின்ற இளைஞருக்கு ஒரு வேடுவ இணையர் வழித்துணையாயினர். விடிந்தபோது காஞ்சி அண்மையில் இருந்தது என்று குருபரம்பரை கூறும். வடநாட்டை நோக்கி அவர் வைத்த முதல் அடி இவ்வாறு பாதிவழியிலேயே திரும்பியது.

மடங்கிய மூன்று விரல்கள்

திருவரங்கத்தில் வைணவத் தலைமை ஆசாரியராக விளங்கிய ஆளவந்தார், இராமாநுசரைத் தமக்குப்பின் அப்பொறுப்பில் அமர்த்த விரும்பினார். அவரை அழைத்துவரப் பெரியநம்பியைக் காஞ்சிக்கு அனுப்பினார். இருவரும் விரைந்து நடந்து திருவரங்கத்தை அணுகியபோது ஆற்றங்கரையில் கூட்டம் கூடியிருந்தது. ஆளவந்தார் மறைந்துவிட்டார். அவரது வலக்கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. நிறைவேறாத மூன்று விருப்பங்கள் அவருக்கு இருந்தன என்பதைக் கேட்டறிந்த இராமாநுசர், மூன்றையும் தாம் முடிப்பதாக அங்கேயே உறுதியேற்றார். பிரம்ம சூத்திரத்திற்கு விசிட்டாத்துவைத நெறியில் ஒரு பேருரை இயற்றுதல் ஒன்று. வியாசர், பராசரர் ஆகியோரின் பெயர்களை நிலைபெறச் செய்தல் மற்றொன்று. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு உரை காணச் செய்தல் பிறிதொன்று. ஒவ்வோர் உறுதிக்கும் ஒரு விரல் நிமிர்ந்தது என்பர்.

பின்னர் இல்லறம் துறந்து திருவரங்கம் வந்து சேர்ந்த இராமாநுசர், மந்திரப் பொருள் கேட்பதற்காகத் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை சென்றார். நம்பி ஒவ்வொரு முறையும் ஏதேனும் கூறித் திருப்பி அனுப்பினார். பதினெட்டாம் முறைதான் பொருள் கிடைத்தது. அதனை அவர் கோயிலின் மேல் ஏறி நின்று அனைவருக்கும் வெளிப்படுத்திய நிகழ்ச்சி நீங்கள் நன்கு அறிந்ததே. ஆனால் அப்பதினெட்டு நடைகளை யாரும் கணக்கிடுவதில்லை. திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். போய்வருவது 200. பதினெட்டு முறை எனில் 3,600 கிலோமீட்டர். காஷ்மீரம் எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவைப் புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் வழியிலேயே அவர் முன்னதாக நடந்து பழகிவிட்டார் எனலாம்.

அவர் அன்றாடம் நடந்த சிறுநடை ஒன்றும் இங்குக் கூறத்தக்கது. காவிரிக்கு நீராடச் செல்லும்போது மறையவரான முதலியாண்டானின் தோளைப் பற்றிக்கொண்டு செல்வார். நீராடித் தூய்மையுற்றுத் திரும்பும்போது, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த உறையூர் மல்லர் உறங்காவில்லிதாசரின் தோளைப் பற்றிக்கொண்டு வருவார். இவ்வரிசை மாறியிருந்தால் ஊரார் முணுமுணுத்திருக்கமாட்டார்கள். மாற்ற வேண்டாம் என்பதே அவர் முடிவாக இருந்தது.

ஒரு நூலைத் தேடி

முதல் உறுதியை நிறைவேற்றுவதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பிரம்ம சூத்திரங்கள் மிகச் சுருங்கியவை. இரண்டு மூன்று சொற்களில் ஒரு கொள்கையையே அடக்கி வைத்திருப்பவை. தம் உரை புதிதாகப் புனைந்தது அன்று, பழைய மரபின் வழிவந்தது என்பதை நிறுவ வேண்டுமானால் அதற்குத் தொன்மையான சான்று வேண்டும். போதாயனர் என்னும் பழைய ஆசிரியர் சூத்திரங்களுக்கு விரிவான விருத்தியுரை ஒன்று எழுதியிருந்தார். அதன் சுவடி தென்னாட்டில் இல்லை. காஷ்மீரத்துச் சாரதா பீடத்தில் உள்ளது என்று தெரியவந்தது.

இராமாநுசர் தமக்குத் துணையாகக் கூரத்தாழ்வானை அழைத்துக்கொண்டார். கூரத்தாழ்வான் காஞ்சியை அடுத்த கூரம் என்னும் ஊரில் பெருஞ்செல்வராக வாழ்ந்தவர். எல்லாவற்றையும் பிறர்க்கு வழங்கிவிட்டு மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டுவழியில் மனைவி அஞ்சுவதைக் கண்டு காரணம் கேட்டார். கணவர் உணவு உண்பதற்காக ஒரு பொன்வட்டிலை அவர் மட்டும் மறைத்து எடுத்துவந்திருந்தார். அதனை வாங்கிக் காட்டில் வீசி எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை என்று கூரத்தாழ்வான் நடந்தார். நெடுவழி செல்வோர் மூட்டையில் எதனை வைப்பது, எதனை விடுப்பது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. கூரத்தாழ்வானுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஒருமுறை படித்ததை அவர் மறப்பதில்லை.

திருவரங்கத்திற்கும் காஷ்மீரப் பள்ளத்தாக்கிற்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். வளைந்து செல்லும் வழிகளில் அது 3,300-க்குக் குறையாது. நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் நான்கு மாதத்திற்கு மேலாகும். இடையில் மழைக்காலம் குறுக்கிட்டால் ஆறுகள் வடியும்வரை தங்க வேண்டும். துறவி தீ மூட்டிச் சமைப்பதில்லை. முக்கோலும் கமண்டலமும் காவியாடையுமே அவர்தம் உடைமைகள். வழியில் அன்புடையோர் இட்டதை உண்டு, சத்திரத்திலோ மரத்தடியிலோ தங்கி நடக்க வேண்டும்.

உயர்மலைப் புல்வெளிகள்

காஷ்மீரம் நாற்புறமும் மலை சூழ்ந்த நாடு. இராமாநுசர் சிறுவராக இருந்த 1030 ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி விரிவான நூல் எழுதிய அல்பிரூனி, காஷ்மீரத்தார் தம் மலைவாயில்களை மிகக் கண்டிப்புடன் காவல் செய்வதையும், முன்பின் அறியாதவர் எவரையும் உள்ளே விடாததையும் குறிப்பிட்டுள்ளார். தலைநகரிலிருந்து இரண்டு மூன்று நாள் நடைத்தொலைவில் சாரதை கோயில் இருப்பதையும், அங்கு வழிபடுவோர் மிகப் பலர் என்பதையும் அவரே எழுதியுள்ளார். இயற்கை வைத்த காவல் ஒன்று. அரசர் வைத்த காவல் மற்றொன்று.

இயற்கையின் காவல் பனி. தெற்கிலிருந்து செல்வோர் மிகுதியாகப் பயன்படுத்திய பழைய வழி பீர்பஞ்சால் மலைத்தொடரைக் கடந்து செல்கிறது. அக்கணவாயின் உயரம் ஏறத்தாழ 3,490 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் கணவாய்கள் பனியால் அடைபட்டுக் கிடக்கும். பனி உருகி வழி திறக்கும் கோடைக்காலமே தென்னாட்டுப் பயணிக்கு வாய்த்த காலம். எவ்வழியில் சென்றாலும் அவர் கடக்க வேண்டிய நிலம் ஒரே தன்மையது.

முதலில் அடிவாரக் குன்றுகள். அவற்றில் பைன் மரங்கள். மேலே ஏற ஏறத் தேவதாரு. அதற்கும் மேலே கூம்பிய ஊசியிலைக் காடுகள். நண்பகலிலும் அவற்றினுள் அந்தி போல் மங்கல். பிறகு மரங்கள் குட்டையாகி, வெள்ளைப் பட்டை உரியும் பூர்ச மரங்கள் காற்றில் வளைந்து நிற்கும். அவற்றோடு மரங்களின் எல்லை முடிந்துவிடும். ஒரு மேட்டைத் தாண்டியதும் கண்முன் திடீரென வெளி விரியும். அதுவே உயர்மலைப் புல்வெளி. காஷ்மீரத்தார் இதனை மர்க் என்பர். குல்மர்க், சோனாமர்க் என்னும் ஊர்ப்பெயர்களில் உள்ளது இச்சொல்லே.

ஆண்டின் பெரும்பகுதி பனியின்கீழ் உறங்கும் இப்புல்வெளிக்குக் கிடைப்பது சில மாதங்கள் மட்டுமே. அதற்குள் முளைத்து, பூத்து, விதைத்து முடித்தாக வேண்டும். எனவே எல்லாச் செடிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூக்கின்றன. தரையோடு தரையாகப் படிந்த நீலம், மஞ்சள், வெள்ளை, ஊதாப் பூக்களின் இடையே பனி உருகிய நீர் நூற்றுக்கணக்கான ஓடைகளாக ஓடும். கோடையில் கீழ்நாட்டு இடையர்கள் தம் ஆடுகளையும் எருமைகளையும் ஓட்டிக்கொண்டு இங்கு வந்து குடிசையிட்டுத் தங்குவர். குளிர் தொடங்கியதும் இறங்கிவிடுவர். குறிஞ்சியின் உச்சியில் ஒரு முல்லை என்று இதனைக் கூறலாம். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில், இமயச்சாரலில் உறங்கும் கவரி அருவியையும் நரந்தம்புல்லையும் கனவில் காண்பதாக ஒரு காட்சி உண்டு. தமிழ்ப்புலவர் கற்பனையில் கண்ட அப்புல்வெளியில் தமிழ்நாட்டார் இருவர் நடந்து சென்றனர்.

அங்குள்ள செடிகளுள் சில அவர்களுக்குப் பெயரளவில் பழக்கமானவையாகவும் இருந்திருக்கும். கோட்டம், அதிவிடயம், கடுகுரோகிணி என்று நம் நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் விற்கப்படும் வேர்கள் இமயத்தின் இவ்வுயரத்தில் விளைபவையே. வேர்கள் வணிகர் மூட்டைகளில் தெற்கே வந்த வழியில் இவர்கள் வடக்கே ஏறினர்.

அழகு மிகுந்த இந்நிலம் நடப்பதற்கு எளியது அன்று. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. நான்கு அடி வைத்தால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், பசி எடுக்காது. காலையில் முழங்கால் அளவாக இருக்கும் ஓடை, வெயிலில் பனி உருகியதும் பிற்பகலில் ஆளை இழுக்கும். ஆகவே விடியற்காலையிலேயே ஓடைகளைக் கடந்துவிட வேண்டும் என்பது மலைவழி நடப்போரின் நடைமுறை. பிற்பகலில் முகில் சூழ்ந்து ஆலங்கட்டி பொழியும். இரவில், கோடையிலும், குளிர் உறைநிலையை நெருங்கும். வைக்கோலால் பின்னிய காலணி அணிந்து பனியில் நடப்பது காஷ்மீர மக்களின் பழைய வழக்கம். காவிரிப் படுகையினருக்கு வைக்கோல் தெரியும். அதனைக் காலில் அணிவது புதிது.

கணவாயைக் கடந்து இறங்கினால் பள்ளத்தாக்கில் நெல்வயல்கள். காஷ்மீரமும் சோறுண்ணும் நாடு. ஒன்பதாம் நூற்றாண்டில், அவந்திவர்மன் ஆட்சியில், சுய்யர் என்னும் பொறியாளர் விதத்தை ஆற்றின் அடைப்பை நீக்கி வெள்ளத்தை வடித்து வயல்களைக் காத்ததைக் கல்கணரின் இராசதரங்கிணி புகழ்கிறது. கல்லணையைக் கண்டு வந்தவர்களுக்கு அந்த வயல்வெளி ஊர் நினைவைத் தந்திருக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

தென்னாட்டார் பனையோலையிலும் வடநாட்டார் பூர்சமரப் பட்டையிலும் எழுதுவதை அல்பிரூனி வேறுபடுத்திக் கூறியுள்ளார். உயர்மலைப் புல்வெளியின் ஓரத்தில் வளரும் இம்மரத்தின் பட்டை, தாள் போல் படலம் படலமாக உரியும். காஷ்மீரத்தில் வடமொழியைச் சாரதா எழுத்தில் எழுதினர். தமிழகத்தில் கிரந்த எழுத்தில் எழுதினர். மொழி ஒன்றாயினும் எழுத்து வேறு. இராசதரங்கிணியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிஞர் ஆரல் ஸ்டைன், மோகந்த் மர்க் என்னும் உயர்மலைப் புல்வெளியில் கூடாரமடித்துக் கோடைகளைக் கழித்தே அப்பணியைச் செய்தார்.

சாரதா பீடத்தில்

சாரதா பீடம் கிருட்டிணகங்கை ஆற்றோடு மதுமதி என்னும் சிற்றாறு கூடும் இடத்தில் அமைந்தது. இன்று அது எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிற்கு அப்பால், கூரையிழந்த கற்சுவர்களுடன் நிற்கிறது. அன்று அது நாடெங்குமிருந்து அறிஞர்கள் நாடிவந்த கல்விக்கூடம்.

தென்னாட்டுத் துறவி கேட்ட நூலைக் கொடுக்க அங்கிருந்த பண்டிதர் விரும்பவில்லை. அவர்தம் கொள்கைக்கு மாறான ஓர் உரைக்கு அந்நூல் வலிமை தந்துவிடும் என்று அஞ்சினர். சுவடி அழிந்துவிட்டது என்று கூறினர் என்பது ஒரு வழக்கு. இராமாநுசர் அரசரைக் கண்டு தம் நோக்கத்தை எடுத்துரைத்தார். அவர்தம் புலமையை உணர்ந்த அரசரின் ஆணையால் போதாயன விருத்தி அவர் கைக்கு வந்தது. நூலுக்கு நூல் இவ்விடத்தில் சிறு வேறுபாடுகள் உண்டு. அங்கேயே படித்துத் திருப்பித்தர வேண்டும் என்னும் கட்டுப்பாட்டுடன் நூல் தரப்பட்டதாகவும் சில கூறும். சுவடியைப் பெற்றுக்கொண்டு இருவரும் தெற்கு நோக்கித் திரும்பினர் என்பதே பெருவழக்கு.

பண்டிதர்களின் மனம் ஆறவில்லை. ஆட்களை அனுப்பிப் பின்தொடரச் செய்தனர். பகலெல்லாம் நடந்து களைத்திருந்த பயணிகளை அவர்கள் வழியில் மறித்துச் சுவடியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினர். வழக்குரைக்க அங்கு அரசவை இல்லை. மீண்டும் சென்று கேட்டாலும் கிடைக்கப்போவதில்லை.

இராமாநுசர் துயருற்றார் என்று குருபரம்பரை தயங்காமல் கூறுகிறது. தம் வாழ்நாளின் பெரும்பணி அந்நூலை நம்பியிருந்தது. விந்தியக் காட்டில் இளமையில் ஒருமுறை வழி மூடியது. இப்போது நூலைக் கையில் பெற்றபின் மூடியது. ஆற்றங்கரையில் நிமிர்ந்த விரலுக்கு என்ன விடை சொல்வது?

அப்போது கூரத்தாழ்வான் ஒரு செய்தியைப் பணிவுடன் தெரிவித்தார். ஒவ்வோர் இரவும் ஆசிரியர் கண்ணயர்ந்த பின் அவர் உறங்கவில்லை. சுவடியை எடுத்துப் படித்திருக்கிறார். இரவுதோறும் தொடர்ந்து படித்து முழுவதையும் நெஞ்சில் பதித்துக்கொண்டுவிட்டார். இப்போதே எழுத வேண்டுமா, காவிரியின் இருகரைக்கு நடுவில் சென்றபின் எழுதலாமா என்பதே அவர் கேட்டறிய விரும்பியது.

இச்செய்தியை நான் வகுப்பில் கூறும்போதெல்லாம், ஒருவரால் அவ்வாறு மனப்பாடம் செய்ய இயலுமா என்று மாணவர் கேட்பதுண்டு. ஓலையும் பட்டையும் அரியனவாக இருந்த காலத்தில் நினைவே நூலகமாக இருந்தது. வேதம் பல நூற்றாண்டுகள் எழுதப்படாமலேயே காக்கப்பட்டது. அதனினும் எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. அவர் படித்தது நாள் முழுதும் மலைவழி நடந்தபின், விரல் விறைக்கும் குளிரில், தமக்குப் புதிய எழுத்தில். யாரும் அவரைப் படிக்கச் சொல்லவில்லை. படித்ததைச் சுவடி பறிபோகும்வரை அவர் வெளியிடவும் இல்லை.

எழுதுகோல் நின்ற நாள்

திருவரங்கம் திரும்பியதும் பேருரைப் பணி தொடங்கியது. இராமாநுசர் சொல்ல, கூரத்தாழ்வான் எழுதினார். அதற்கு முன் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். சொல்லப்படுவது பழைய உரைமரபுக்குப் பொருந்தவில்லை என்று கூரத்தாழ்வானுக்குத் தோன்றினால், அவர் எழுதுவதை நிறுத்திவிடலாம்.

அவ்வாறே ஒருநாள் எழுதுகோல் நின்றது. உயிரின் இலக்கணத்தைக் கூறும் இடம் அது. அறியும் தன்மையுடையது உயிர் என்று மட்டும் இராமாநுசர் கூறினார். அது இறைவனுக்கு உரியது என்பதைச் சேர்க்காமல் இலக்கணம் நிறைவுறாது என்பது கூரத்தாழ்வானின் கருத்து. அவர் எழுதாமல் இருந்தார். இராமாநுசருக்குச் சினம் மூண்டது. உரையை நீரே எழுதிக்கொள்ளும் என்று எழுந்து சென்றுவிட்டார். பின்னர்த் தனித்திருந்து எண்ணிப் பார்த்து, நின்ற எழுதுகோலே சரியானது எனத் தெளிந்து கூரத்தாழ்வானை அழைத்துத் தம் சொல்லைத் திருத்தி எழுதச் செய்தார். ஆசாரியரின் சினத்தையும் திருத்தத்தையும் மறைக்காமல் எழுதிவைத்த குருபரம்பரை ஆசிரியர்களைப் பாராட்ட வேண்டும்.

இவ்வாறு உருவான பேருரையே ஸ்ரீபாஷ்யம். போதாயனர் விரிவாக எழுதியதை முன்னை ஆசிரியர்கள் சுருக்கினர் என்றும், அவ்வழியிலேயே தாம் விளக்குவதாகவும் அதன் தொடக்கத்தில் இராமாநுசர் குறிப்பிடுகிறார். கூரத்தாழ்வானின் மைந்தர்களுக்குப் பராசர பட்டர், வேதவியாச பட்டர் என்று பெயரிட்டதும், திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி என்னும் உரையை எழுதச் செய்ததும் மற்ற இரு உறுதிகளையும் நிறைவு செய்தன. போதாயன விருத்தி இன்று எங்கும் கிடைப்பதில்லை. ஸ்ரீபாஷ்யத்தில் ஆங்காங்கே எடுத்தாளப்பட்ட பகுதிகளாகவே அது எஞ்சியுள்ளது.

மேற்கே ஒரு மலைவழி

முதுமையில் இராமாநுசர் மீண்டும் மலை ஏற நேர்ந்தது. சோழ அரசன் ஒருவனின் சமயப் பகையால் உயிருக்கு இடர் வந்தபோது, கூரத்தாழ்வான் ஆசாரியரின் காவியாடையைத் தாம் அணிந்து அரசவைக்குச் சென்றார். இராமாநுசர் வெள்ளாடை உடுத்து, சீடர் சிலருடன் காவிரிக்கரை வழியே மேற்கு நோக்கிப் புறப்பட்டார். மழையிலும் இருளிலும் காட்டு வழியில் பல நாள் பசியோடு நடந்த அவர்களை நீலகிரிச் சாரலில் வேடர்கள் கண்டனர். தேனும் தினைமாவும் கொடுத்து, குளிர்காயத் தீ மூட்டி, வழிகாட்டியும் அனுப்பினர். விந்தியத்தில் வழிகாட்டியோரும் வேடரே என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். கருநாடகத்தில் பல்லாண்டுகள் தங்கிய இராமாநுசர், மேல்கோட்டையில் திருநாராயணர் கோயிலைச் சீரமைத்து, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டிருந்தோர்க்குத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டுக் கோயிலுக்குள் நுழையும் உரிமையை அளித்தார்.

திருவரங்கம் திரும்பியபோது கூரத்தாழ்வான் அவரை எதிர்கொண்டார். அரசவையில் அவர்தம் கண்கள் போயிருந்தன. சாரதா பீடத்துச் சுவடியை இரவெல்லாம் படித்த கண்கள் அவை. பின்னும் அவர் வடமொழியில் துதிநூல்கள் இயற்றினார். இராமாநுசருக்கு முன்னரே மறைந்தார்.

இராமாநுசர் 1137 இல் திருவரங்கத்தில் மறைந்தார் என்பது மரபு. கோயிலின் உள்ளேயே தென்மேற்கில் அவர்தம் சந்நிதி உள்ளது. அமர்ந்த நிலையில் உள்ள அத்திருமேனியைத் தானான திருமேனி என்பர். நீராட்டு இல்லை, ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கலந்த குழம்பு சாத்தப்பெறுகிறது. குங்குமப்பூ நம் நாட்டில் பெரிதும் விளைவது காஷ்மீரத்தில், பாம்பூர் மேட்டுநிலங்களில்.